பால் காய்ச்சிய வீட்டில் யாரும் இல்லை

2025 ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஊரின் தென்கோடியில், சமையலறை இல்லாத ஒரு வீட்டில் பால் காய்ச்சப்பட்டது.

பழைய சமையலறையை முந்தின வாரமே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மூடிபோட்ட தண்ணீர்க் குழாய் ஒன்று மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஷ்யாமளா ஃப்ரீமான்ட் அபார்ட்மென்டிலிருந்து கொண்டுவந்த மின்னடுப்பை வெறும் சிமென்ட் தரையில் வைத்து, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பால் பொங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள். ஹாலில் கோவிலிலிருந்து வந்த வாத்தியார் ஹோமம் வளர்த்தார். புகைக்கு அலாரம் அலறிவிடக் கூடாது என்று அவள் கணவன் கஸ்தூரிரங்கன் அதன் பேட்டரியைக் கழற்றி வேட்டி மடிப்பில் சொருகி வைத்திருந்தான். வந்தவர்கள் பலகை அடித்த ஜன்னல்களையும் தொங்குகிற ஒயர்களையும் பார்த்து, "முடிஞ்சதும் பிரமாதமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கராஜில் போட்டிருந்த மேஜைகளில் சாப்பிட்டுப் போனார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வைகாசியை விட்டால் ஆனி, ஆடி இரண்டிலும் கிரகப்பிரவேசம் கிடையாது. ஆவணிவரை காத்திருக்க வேண்டும். பதினேழு வருஷ வாடகை வாழ்க்கைக்குப் பிறகு வாங்கின வீட்டைப் பால் காய்ச்சாமல் அவ்வளவு நாள் போட்டுவைக்க இருவருக்குமே மனமில்லை. எப்படியும் மராமத்து வேலை ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும் என்று கான்ட்ராக்டர் ஹெக்டர் சொல்லியிருந்தான்.

வீட்டுக் காப்பீட்டை மே மாதமே கஸ்தூரிரங்கன் ஆன்லைனில் எடுத்திருந்தான். அது இல்லாமல் வங்கி கடன் கொடுக்காது. எந்தத் தேதியிலிருந்து குடியிருப்பீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. ஜூன் எட்டு என்று நிரப்பினான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. புதுவீட்டுக்குள் போகிற நாள் எது என்று கேட்டால் அவனுக்குத் தெரிந்த நாள் அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே மின்னடுப்பைக் காரில் வைத்துக்கொண்டு மகளோடு மூன்று பேரும் ஃப்ரீமான்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஜூலை கடைசியில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் வந்து தெருவிலிருந்தும், ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்தும் படம் எடுத்திருந்தார். வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லை, சமையலறை இல்லை, ஜன்னல்களில் ஒட்டுப்பலகை, வாசலில் இடிபாடுகளைக் கொட்டும் தொட்டி. குடியிருப்பதாகச் சொன்னது உண்மையல்ல. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நள்ளிரவோடு பாலிசி ரத்தாகும்.

கஸ்தூரிரங்கன் இரண்டு நாள் ஃபோனில் சண்டை போட்டான். பிறகு வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தான். தீ அபாயப் பகுதி என்று சில கம்பெனிகள் மறுத்தன. காலி வீடு என்று மற்றவை மறுத்தன. ஒரு கம்பெனி, முகவரியை உள்ளிட்டவுடனேயே நன்றி சொல்லி முடித்துக்கொண்டது.

ஷ்யாமளாவைப் பயம் பிடித்தது அப்போதுதான். அதுவரை அவளுக்கு அந்தக் குன்றுகள் அழகாகத்தான் தெரிந்தன. தெரு முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. பின்புறம் வேலிக்கு அப்பால் சரிவு, சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். வாங்குவதற்கு முன் அதைப் பார்த்து, "தங்கம் மாதிரி இருக்கு" என்று சொன்னவளே அவள்தான். இப்போது பார்த்தால் யாரோ வீட்டைச் சுற்றிப் பொறுக்கிப் பொறுக்கி விறகு அடுக்கி வைத்தது போலிருந்தது. ப்ளசன்டனில் ஒரு மருத்துவமனையில் அவள் மருந்தாளுநர். மாத்திரை எண்ணும்போது கைதான் எண்ணும், கண் ஃபோனில் இருக்கும். தீ பற்றிய இடங்களைக் காட்டும் ஒரு செயலியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்புப் புள்ளி தோன்றும்போதெல்லாம் எண்ணினதை முதலிலிருந்து மறுபடி எண்ணுவாள். ஒருநாள் வீட்டின் பின்படியில் அணைந்த சிகரெட் துண்டு ஒன்று கிடந்தது. ஹெக்டரின் ஆட்களில் யாரும் புகைப்பதில்லை. அதை ஒரு காகிதத்தில் எடுத்துத் தண்ணீரில் நனைத்து, நனைத்ததை மறுபடியும் நனைத்து, பிளாஸ்டிக் பையில் முடிந்து ஃப்ரீமான்ட்வரை கொண்டுபோய்ப் போட்டாள்.

"அம்மா, ஆர் வி கோயிங் டு லூஸ் த ஹவுஸ்?" என்று மகள் ஸ்ம்ருதி கேட்டாள். பதினைந்து வயது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி."

"தென் வொய் டு யூ கீப் ஸ்மெல்லிங் யுவர் ஹேண்ட்ஸ்?"

கையை முகர்ந்துகொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை பசீர் அகமதுவைப் பார்க்கப் போனார்கள். ஃப்ரீமான்டிலேயே மௌரி அவென்யூவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் அவருடைய காப்பீட்டு அலுவலகம் இருந்தது. ஆம்பூர்க்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாருக்கும் கிடைக்காத பாலிசியை அவர் தேடிப்பிடித்துத் தருவார் என்று கஸ்தூரிரங்கனின் ஆபீசில் சொன்னார்கள். கீழேயிருந்து கறிவேப்பிலையும் பெருங்காயமும் கலந்த வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது.

பசீர் அகமது கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சார், இந்த வீட்ல யாரு குடியிருக்காங்க?"

"நாங்கதான் பாய். ஜூன் எட்டாம் தேதியே கிரகப்பிரவேசம் ஆயிடுத்து."

"மாஷா அல்லாஹ், நல்ல விஷயம். எனக்கு ஸ்வீட் வரல, பரவால்ல. உங்க கட்டில் எங்க இருக்கு?"

"கட்டில் ஃப்ரீமான்ட்ல."

"டூத் பிரஷ்?"

"அதுவும் ஃப்ரீமான்ட்ல. ஆனா பாய்..."

"அப்ப நீங்க குடியிருக்கறது ஃப்ரீமான்ட்ல, சார். லிவர்மோர்ல பால் மட்டும்தான் காய்ச்சியிருக்கீங்க."

கஸ்தூரிரங்கன் சிரிக்கவில்லை. "எங்க வழக்கத்துல பால் காய்ச்சிட்டா குடி போயாச்சுன்னுதான் அர்த்தம்."

"எனக்குத் தெரியும் சார். பாதி கஸ்டமர் உங்க ஆளுங்கதான். ஆனா கம்பெனிக்காரன் பாலைப் பார்க்க மாட்டான், ஆளைத்தான் பார்ப்பான். ஆளிருந்தா ஒரு பொறி விழுந்தா உடனே ஒருத்தர் கத்துவாங்க. ஆளில்லாத வீட்ல கூரை வழியா புகை வந்தப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். உங்களுக்குப் பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?"

ஷ்யாமளா, "கொஞ்சம் தள்ளித்தான்" என்றாள்.

அவர் தட்டச்சு செய்துகொண்டே பேசினார். நல்ல மனிதர். ஆனால் விலைப்பட்டியல் படிப்பது போன்ற அந்தக் குரலில்தான் அவளுக்கு வியர்த்தது. காலி வீட்டில் சுவரை உடைத்துச் செம்பு ஒயரைத் திருடிப் போவார்கள், அறுத்த ஒயரில் மின்சாரம் இருக்கும். படுக்க இடமில்லாதவர்கள் உள்ளே புகுந்து குளிருக்குத் தீ மூட்டுவார்கள். மரத்துக்கு எண்ணெய் பூசுகிறவன் துடைத்த துணியை மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போவான், அது உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

"தானாவா?"

"தானா, மேடம். யாரும் பத்தவைக்க வேணாம்." அடுத்த கேள்விக்குப் போனார். "வீட்டுக்குள்ள ஓபன் ஃப்ளேம் எதாவது உண்டா? சிகரெட், மெழுகுவத்தி, கேஸ் ஹீட்டர்?"

"நோ, எதுவும் கிடையாது" என்றான் கஸ்தூரிரங்கன்.

"உண்டு" என்றாள் ஷ்யாமளா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"விளக்கு ஏத்தறேன். தினமும் டியூட்டி முடிஞ்சு நேரா அங்க போய் ஏத்திட்டு வரேன்."

"தினமுமா?" கஸ்தூரிரங்கனின் குரல் கீச்சிட்டது. "டிராஃபிக், டிராஃபிக்குன்னு சொன்னியே?"

"பால் காய்ச்சின வீடு இருட்டாக் கிடக்கக் கூடாதுன்னு உங்க அம்மாதான் சொன்னா."

"ஏத்திட்டு அணைச்சுட்டுத்தானே வருவீங்க மேடம்?" என்றார் பசீர் அகமது மெதுவாக.

"ஊதி அணைக்கற பழக்கம் இல்ல பாய். எண்ணெய் தீர்ந்து அதுவா மலையேறட்டும்னு விட்டுட்டு வந்துடுவேன்."

"மரத்தூள் மேலயா?" என்றான் கஸ்தூரிரங்கன்.

"பெருக்கிட்டுத்தான் ஏத்துவேன்."

பசீர் அகமதுவின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. "மேடம், சொல்லிட்டீங்க. இனிமே நான் கேக்கலைன்னு இருக்க முடியாது. எழுதணும்."

"எழுதுங்கோ. ராத்திரியெல்லாம் எனக்கு அந்தத் திரிதான் கண்ணுல நிக்கறது. ஏத்தாம இருக்கவும் பயம், ஏத்திட்டு வரவும் பயம்."

அவர் எழுதினார். முடித்துவிட்டு, "இன்னிலேர்ந்து விளக்கு ஃப்ரீமான்டுக்கு வந்துடணும். கீழக் கடையில பேட்டரில எரியற விளக்கு விக்கறான், பாருங்க. வாடகை அவனுக்குத்தான் கொடுக்கறேன், அதுக்காகச் சொல்லல" என்றார்.

காரில் கஸ்தூரிரங்கன் வெடித்தான். "அவர் என்ன போலீஸா? உன் வாயை வெச்சுண்டு சும்மா இருக்க மாட்டியா? இருக்கற ஒரே ஆளையும் பயமுறுத்திட்டே."

"நாளைக்கு எரிஞ்சு போனா கம்பெனிக்காரா வந்து சாம்பலைக் கிளறுவா. விளக்கு வெண்கலம். அது எரியாது, அப்படியே கிடைக்கும். அப்ப என்ன சொல்லுவே?"

அவன் அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினான். "கோவிலுக்குப் போற வழியில விளக்கை எடுத்துண்டு வந்துடலாம்" என்றான் பிறகு.

திங்கட்கிழமை பசீர் அகமது கூப்பிட்டார். வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்று, மராமத்தில் இருக்கும் காலி வீடுகளுக்கென்றே பாலிசி தருவது, சம்மதித்திருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. தண்ணீரை மெயினில் மூட வேண்டும். புகை அலாரத்தைக் கண்காணிப்பு நிலையத்தோடு இணைக்க வேண்டும். வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். விளக்கு கூடாது. வீட்டைச் சுற்றி நூறடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி, நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படங்கள் வந்தால்தான் பாலிசி.

அலாரம் வியாழக்கிழமை பொருத்தப்பட்டது. அன்றே புல் வெட்டுவதாக இருந்த ஹெக்டர் வரவில்லை. காற்று எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். அந்த நாட்களில் இயந்திரம் வைத்துப் புல் வெட்டக் கூடாது. தகடு ஒரு கல்லில் உரசிப் பொறி விழுந்தால் போதும். "நோ வே, மிஸ்டர் ரங்கா. ஞாயிற்றுக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டான். பழைய பாலிசி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இருவரும் லீவ் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கஸ்தூரிரங்கன் தோட்டச் சாமான் கடையில் இரண்டு கையரிவாள் வாங்கியிருந்தான். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சிப் வரைகிறவன். முதல் அரைமணியில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஷ்யாமளா பழைய துப்பட்டாவைக் கிழித்து அவன் கையில் சுற்றிவிட்டாள்.

"அடியோட பிடிச்சு அறு ரங்கா. தலையைச் சீவிண்டிருக்கே."

"எங்க வம்சத்துல யாரும் புல் அறுத்ததில்லடி."

"எங்க வம்சத்துல மட்டும் அறுத்தாளா? குனி."

புல் கண்ணாடி இழை மாதிரி முறிந்தது. காற்று கிழக்கிலிருந்து வந்தது, இஸ்திரிப் பெட்டியைத் திறந்து முகத்தருகே பிடித்தது போல. ஒவ்வொரு முறை அரிவாள் கல்லில் மோதும்போதும் ஷ்யாமளா கையை நிறுத்தி அந்த இடத்தையே பார்த்தாள். இரும்பு கல்லில் உரசினால் பொறி வரும் என்று ஹெக்டர் சொன்னது இதற்கும் பொருந்துமே. காரில் கொண்டுவந்த தண்ணீரை வாளியில் ஊற்றி வைத்துக்கொண்டு, மோதின இடத்திலெல்லாம் ஒரு கை தெளித்தாள். கஸ்தூரிரங்கன் முதலில் கேலி செய்தான். பிறகு அவனும் தெளிக்க ஆரம்பித்தான்.

மத்தியானம் கடந்தபோது சரிவு மொட்டையடித்தது போல் ஆகிவிட்டது. கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்றையும் படம் எடுத்து அனுப்பினாள். கடைசியாகத் தெற்கு. வீட்டின் பின்சுவரில் முதுகைச் சாய்த்து ஃபோனை உயர்த்தினாள். வெட்டின புல், வேலி, சரிவு, குன்றின் விளிம்பு, அதற்குமேல் ஒரு அழுக்கு மேகம். விரல் அமுக்கிவிட்டது. பிறகுதான் அந்த மேகத்துக்குக் கால் இருப்பதைப் பார்த்தாள். குன்றுக்குப் பின்னாலிருந்து தடியாக எழும்பி, மேலே போய்க் காற்றில் மேற்காகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ரங்கா."

"அனுப்பிட்டியா?"

"ரங்கா, திரும்பிப் பார்."

அவன் பார்த்தான். அரிவாள் கையிலிருந்து நழுவியது. ஷ்யாமளாவின் ஃபோனில் செயலி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அது காட்டாத தீயைக் கண்ணால் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"இன்னொண்ணு எடு" என்றான் அவன். "கொஞ்சம் கீழே பிடிச்சு எடு. அவா புல்லைத்தானே கேட்டா? வானத்தையா கேட்டா?"

அவள் எடுத்தாள். ஃபோனைத் தாழ்த்தினால் வெட்டின புல் மட்டும்தான் விழுந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. கையில் இப்போது இரண்டு படங்கள் இருந்தன.

பசீர் அகமதுவே கூப்பிட்டுவிட்டார். "மேடம், மூணு பக்கம் வந்துடுச்சு, சூப்பரா இருக்கு. சவுத் சைடு ஒண்ணுதான் பாக்கி. அது வந்தா நான் பட்டனை அமுக்கிடுவேன், ராத்திரி பன்னெண்டுக்குப் பழசு முடியும், புதுசு ஆரம்பிக்கும்."

"பாய், இங்க புகை தெரியறது."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு தூரத்துல?"

"தெரியல. குன்றுக்குப் பின்னாடி."

"என் ஸ்க்ரீன்ல மேப் இன்னும் மாறல. தீன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் அந்த ஏரியாவுக்கே கதவைச் சாத்திடுவான், அணையற வரைக்கும் புது பாலிசி கிடையாது. இப்ப திறந்துதான் இருக்கு. ஆனா அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு கடைசிக் கேள்வி வரும். கண்ணுக்கெட்டின தூரத்துல தீயோ புகையோ இருக்கான்னு. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது மேடம். நீங்கதான் சொல்லணும்."

கஸ்தூரிரங்கன் ஃபோனுக்கு அருகில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, துணி சுற்றின கையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். இல்லைன்னு சொல்லு. சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

ஷ்யாமளாவுக்கும் அதுவேதான் வாயில் வந்தது. இல்லை என்பது ஒரே ஒரு சொல். ஆனால் அதைச் சொன்னால் பிறகு என்ன ஆகும் என்பது வரிசையாக ஓடியது. தீ இந்தப் பக்கம் வந்தால் படம் எடுத்த நேரத்தைப் பார்ப்பார்கள். தீ கிளம்பின நேரத்தைப் பார்ப்பார்கள். ஜூன் எட்டாம் தேதிக்கு வந்தது போல இதற்கும் ஒரு கடிதம் வரும், சாம்பலுக்கு வரும். தீ வராமல் போனால் அடுத்த தீக்குப் பயப்பட வேண்டும், கூடவே இந்தப் பொய்க்கும். இன்னொரு பயத்தை வைத்துக்கொள்ள அவளிடம் இடமில்லை.

"இருக்கு பாய். புகை இருக்கு."

கஸ்தூரிரங்கன் முகத்தை மூடிக்கொண்டு வெட்டின புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"சரி மேடம்" என்றார் பசீர் அகமது. "அப்ப இன்னிக்கு ஆகாது. படம் கிடக்கட்டும். முதல்ல ரெண்டு பேரும் அங்கேர்ந்து கிளம்புங்க. சாரை ஓட்ட விடாதீங்க, நீங்க ஓட்டுங்க."

அவள் வீட்டுக்குள் ஓடி அறை அறையாகப் பார்த்தாள். எடுத்துப்போக ஒன்றுமில்லை. அப்படியும் ஏதோ விட்டுவிட்டது போலக் குளியலறைவரை போய்த் திரும்பினாள். வெளியே வந்து பின்சுவரில் இருந்த குழாயை, இருக்கிற அழுத்தத்தில் வேலியோரம் நனையட்டும் என்று நினைத்துத் திருகினாள். காற்றுதான் வந்தது. தண்ணீரை மெயினில் மூடியிருந்தார்கள்.

காரை எடுக்கும்போது இருவர் ஃபோனும் ஒன்றாக அலறின. வெளியேறத் தயாராக இருக்கச் சொல்லும் எச்சரிக்கை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற சாலையில் தீயணைப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். புகை இப்போது குன்றைவிட அகலமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றான் கஸ்தூரிரங்கன், ஃப்ரீவே ஏறினபிறகு.

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப ஒண்ணுமே இல்லாம இருக்கோம்."

"தெரியும் ரங்கா."

அவன் கட்டுப்போட்ட தன் கையை ஸ்டியரிங்கில் இருந்த அவள் கைமேல் வைத்தான்.

பழைய பாலிசி அன்று நள்ளிரவு முடிந்தது. மறுநாள் காற்று திசை மாறியது. தீ குன்றின் மறுபக்கச் சரிவில் ஒரு குதிரை லாயத்தையும் இரண்டு கொட்டகைகளையும் எரித்துவிட்டு, திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டது. புதன்கிழமை தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தார்கள். வீட்டுக்குச் சேதமில்லை. வராந்தாவில் சாம்பல் படிந்திருந்தது. ஷ்யாமளா அதைப் பெருக்கிவிட்டு, தெற்குப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து அனுப்பினாள். அந்தப் பகுதிக்குக் கம்பெனி போட்டிருந்த தடை அடுத்த வாரம் நீங்கியது. பாலிசி ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை அமலுக்கு வந்தது.